அலரும் அபவாதமும்: தமிழ்ப் புனைவில் அடுத்த வீட்டு இரகசியம்

முன்னுரை

தமிழ் நாவல் வரலாற்றை எழுதியோர் மர்ம நாவல்களுக்கும் துப்பறியும் நாவல்களுக்கும் ஒதுக்கியுள்ள இடம் பெரும்பாலும் ஓரிரு பத்திகளே ஆகும். மேனாட்டு நூல்களின் தழுவல், பொழுதுபோக்குச் சரக்கு, இரயில் பயணத்தில் படித்து இருக்கையிலேயே விட்டுச் செல்லத்தக்கது என்ற மதிப்பீட்டோடு அவற்றைக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. இம்மதிப்பீடு பல நூல்களுக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மர்மப் புனைவு என்னும் பெருங்குடையின்கீழ் ஒரு தனிக்கிளை உண்டு. அதில் கத்தியும் துப்பாக்கியும் முதன்மையல்ல. வேலிக்கு அப்பால் வாழும் மனிதர் எதை அறிந்திருக்கிறார், எதை மறைக்கிறார், நம்மைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறார் என்னும் அச்சமே கதையை நடத்திச் செல்லும். இதனை இன்று உளவியல் மர்ம நாவல் என்கிறோம். ஆங்கிலத்தில் டாப்னே டு மாரியேயின் 'ரெபெக்கா' (1938) முதல் பவுலா ஹாக்கின்சின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்' (2015) வரை இவ்வகைக்குப் பெரும் வாசகர் கூட்டம் இருந்து வருகிறது.

இக்கிளை நமக்கு மேனாட்டிலிருந்து வந்த இறக்குமதிப் பொருள் அன்று என்பதும், அண்டை அயலார் நாவில் ஒருவரின் வாழ்வு சிக்கிக்கொள்ளும் கதையைத் தமிழ் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வரலாற்றின் முக்கியக் கண்ணிகள் சில நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தோடு தொடர்புடையவை. ஆதலால், நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இதனைப் பேசுவது பொருத்தமாகும்.

அம்பலும் அலரும்

சங்க அக இலக்கியத்தில் களவு என்பது இரகசியம். தலைவனும் தலைவியும் தோழியும் மட்டுமே அறிந்த அவ்விரகசியத்தை ஊர் மோப்பம் பிடிப்பதை இரண்டு படிகளாகப் பிரித்துப் பெயரிட்டனர் நம் முன்னோர். வாய்விட்டுச் சொல்லாமல் முகக்குறிப்பாலும் முணுமுணுப்பாலும் பரவுவது அம்பல்; இன்னாரோடு இன்னார் என்று பெயர் சுட்டி வெளிப்படப் பேசுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என உரையாசிரியர்கள் விளக்குவர். வதந்தி பிறந்து வளரும் முறையை இவ்வளவு நுட்பமாகப் பகுத்துக் கலைச்சொல் படைத்த மரபு, மறைபொருளின் உளவியலை அறியாத மரபாக இருத்தல் இயலாது. அம்பலும் அலருமே களவை வெளிப்படுத்துவன எனத் தொல்காப்பியர் இலக்கணமே வகுத்துள்ளார்.

நற்றிணையின் 149ஆம் பாடலில் உலோச்சனார் காட்டும் தெருக்காட்சி இங்கு நோக்கத்தக்கது. தெருப் பெண்டிர் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்கின்றனர். சுட்டுவிரல் மூக்கின் நுனிக்குச் செல்கிறது. பேச்சு மெல்லப் புறப்படுகிறது. அது வீட்டுக்குள் நுழைந்ததும் தாய் கோலை எடுத்து மகளை அடிக்கிறாள். விரல் மூக்கைத் தொட்ட கணத்திற்கும் கோல் மகள்மேல் விழும் கணத்திற்கும் இடையே என்ன நடந்தது என்பதை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும். மர்மப் புனைவின் அடிப்படை உத்தியும் அவ்விடைவெளியே.

திண்டிவனம் வட்டாரத்தார் இங்கு ஒரு பெயரை நினைவுகொள்ள வேண்டும். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் ஊர்களுள் ஒன்று கிடங்கில். இன்று திண்டிவனம் நகரை ஒட்டிக் கிடங்கல் என வழங்குவது அவ்வூரே. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு கொண்ட சங்கப் புலவர்களுள் ஒருவர் கிடங்கில் குலபதி நக்கண்ணனார். குறுந்தொகையின் 252ஆம் பாடல் அவருடையது. பிரிந்து துன்பம் செய்த தலைவன் வீடு திரும்பும்போது கடிந்து பேசாமல் அவனை இன்முகத்தோடு ஏற்றுக்கொண்டதற்குத் தலைவி கூறும் காரணம் வியப்பளிப்பது. பெரியோர் தம்மைப் பிறர் நேரில் புகழ்வதற்கே நாணுவர். அத்தகையோர் பழிச்சொல்லை எங்ஙனம் தாங்குவர் என்பது அவள் கேள்வி. தன் துன்பத்தை மறைத்து அவன் பெயரைக் காக்கிறாள். ஆணின் மேல் விழக்கூடிய பழிக்காகப் பெண் தன் வாயை மூடிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, பிற்கால நாவல்கள் பலவற்றின் உள்நரம்பாக ஓடுவதைக் காணலாம்.

எனினும், சங்க அலருக்கும் பிற்காலப் புனைவுகளின் ஊர்ப்பேச்சுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அகப்பாடலில் இரகசியம் உண்மையானது. ஊர் கண்டுபிடிப்பது உள்ளதைத்தான். அதன் விளைவும் பெரும்பாலும் திருமணமே. அலர் காதலை அவிப்பதற்கு மாறாக வளர்க்கிறது என்னும் கருத்தைத் திருக்குறளின் 115ஆம் அதிகாரமாகிய 'அலர் அறிவுறுத்தல்' விரித்துரைப்பது இதனாலேயே ஆகும். இல்லாத இரகசியத்தை ஊரே படைத்துவிட்டால் என்னவாகும் என்னும் கேள்விக்கு விடை காண நாம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை வரவேண்டும்.

ஆபத்துக்கிடமான அபவாதம்

வத்தலக்குண்டில் 1872இல் பிறந்து 1898இல் 26 வயதிலேயே மறைந்த பி. ஆர். ராஜமையர், 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை ஒரு தொடர்கதை எழுதினார். 1896இல் அது நூலாயிற்று. 'கமலாம்பாள் சரித்திரம்' என்று நாம் சுருக்கி வழங்கும் அந்நூலின் முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பதாகும். வகுப்பறையில் நாம் கைவிட்டுவிட்ட முன்பாதியே நூலின் கதைப்பொருளைச் சொல்கிறது. அபவாதம், அதாவது வீண்பழி, ஆபத்தை விளைவிக்கும் என்பதே ஆசிரியர் தம் நாவலுக்கு இட்ட தலைப்பு.

சிறுகுளம் என்னும் சிற்றூரில் செல்வாக்கோடு வாழும் முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், பொறாமையில் வேகும் உறவினர், ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் வம்பர் மகாசபை என விரியும் இந்நாவலில் குற்றச்செயல்கள் இல்லாமல் இல்லை. களவும் உண்டு, பிள்ளை காணாமற்போவதும் உண்டு. ஆயினும், அக்குடும்பத்தை உண்மையில் தகர்ப்பது திருடனின் கை அன்று. மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி ஊரில் கிளம்பிய பேச்சே ஆகும். அப்பேச்சு ஏற்கெனவே இழப்புகளால் நொந்திருந்த கணவனின் நெஞ்சில் விதையாக விழுகிறது. அவர் கேட்டுத் தெளியவில்லை. வீட்டைத் துறந்து புறப்பட்டு விடுகிறார்.

ஆய்வாளர்கள் இந்நாவலை அதன் நடப்பியலுக்காகவும் நகைச்சுவைக்காகவும் பிற்பகுதியின் வேதாந்தச் சார்புக்காகவும் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு தகுதியானதே. ஆனால், அமைப்பை நோக்கின் தமிழின் முதல் உளவியல் மர்ம நாவல் இதுவே எனத் துணிந்து கூறலாம். கமலாம்பாள் குற்றமற்றவள் என்பது வாசகருக்கு முன்னரே தெரியும். ஆகவே, "என்ன நடந்தது?" என்னும் ஆவல் இங்கு இல்லை. "இவர் நம்பிவிடுவாரோ?" என்னும் அச்சமே நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது. திகில் அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டு ஒரு மனிதனின் மனத்திற்குள் சென்று அமர்ந்துவிடுகிறது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. வம்பு பேசுதலைப் பெண்களின் இயல்பாகக் காட்டும் போக்கு உலோச்சனாரின் தெருப் பெண்டிரிலிருந்து ராஜமையரின் வம்பர் மகாசபை வரை தொடர்கிறது. பொது அவையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு நீர்த்துறையும் கொல்லைப்புறமுமே அவைகளாக இருந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது. மேலும், பேசியவர்கள் பெண்கள் எனினும் அப்பேச்சை நம்புவதா, தள்ளுவதா என்று தீர்ப்பளிக்கும் உரிமை கணவன் ஒருவனுக்கே இருந்தது. அவன் அவளை வினவியிருந்தால் நாவல் பாதியிலேயே முடிந்திருக்கும். அவன் வினவாமையே கதையின் முடிச்சு. ராஜமையர் பிறந்த அதே 1872இல் பிறந்த அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (1898) என்னும் நாவலிலும், மனைவிமேல் கணவன் கொள்ளும் ஐயம் கதையின் திருப்பமாக அமைவது தற்செயலானதன்று. ஆங்கிலக் கல்வி பெற்று, மனமொத்த இல்லறத்தைக் கனவு கண்ட முதல் தலைமுறை இளைஞர்கள், தம் மனத்திலேயே பதுங்கியிருந்த பழைய ஐயத்தைக் கண்டு திடுக்கிட்டதன் பதிவுகளாக இவ்விரு நாவல்களையும் கொள்ளலாம்.

துப்பறிவாளரின் வருகை

'கமலாம்பாள்' தொடராக வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1894இல், பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்கு அறிமுகப்படுத்தினார். தமிழ்த் துப்பறியும் கதையின் தொடக்கம் அதுவே என்பர். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தபின் அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிந்த பெயராயினான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார்.

நம் வட்டாரத்திற்கு வடமேற்கே அமைந்த ஆரணி தந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக விளங்கிய அவர், ஆங்கில, பிரெஞ்சு மர்மக் கதைகளை ஏராளமாகத் தழுவி எழுதினார். பல பாகங்களாக விரிந்த 'இரத்தினபுரி இரகசியம்' அவர் புகழை நிலைநாட்டியது. தழுவல் என்னும் குறையோடு அவரை ஒதுக்குவது எளிது. ஆனால், புராணமும் அந்தாதியுமே அச்சேறியிருந்த வீடுகளில், உரைநடை நூலொன்றைத் தொடர்ந்து படிக்கும் பழக்கத்தை ஊட்டியவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறுத்தல் இயலாது. 1925இல் 'ஜகன்மோகினி' இதழைப் பொறுப்பேற்ற வை. மு. கோதைநாயகி அம்மாளின் முதல் நாவலாகிய 'வைதேகி'யும் இம்மர்மச் சூழலிலேயே தோன்றியது. பெண்ணொருத்தி ஆசிரியராக அமர்ந்து நடத்திய இதழுக்கு இக்கதைகள் வாசகிகளைக் கூட்டி வந்தன.

துப்பறிவாளரின் வருகையால் நேர்ந்த மாற்றம் யாது? அதுவரை இரகசியத்தை வெளிக்கொணர்ந்தவர் அயலார். இப்போது அவ்வேலை வெளியூரிலிருந்து வரும் ஒரு நிபுணரிடம் சென்றது. சிற்றூரில் அனைவரும் அனைவரையும் அறிவர்; ஆகவே அலர் போதுமானதாக இருந்தது. இரயிலும் நீதிமன்றமும் நகரமும் வளர்ந்தபின், பெயரே தெரியாத ஒருவர் அடுத்த கதவைத் திறந்துகொண்டு போகும் வாழ்க்கை வந்தது. அங்கே உண்மையை அறியத் தடயமும் தருக்கமும் தேவையாயின. ஒருவகையில் இது நீதிக்கு ஆதரவான மாற்றம் எனலாம். திண்ணைப் பேச்சு பழியைச் சுமத்திய இடத்தில், துப்பறிவாளர் சான்று கேட்டார். வடுவூராரின் 'மேனகா'வில், கணவன் வீட்டார் செய்த சதியால் மறைந்துபோன மருமகள்மீது ஒழுக்கப்பழி விழுகிறது. உண்மை வெளிப்பட்டுப் பழி துடைக்கப்படுகிறது. கமலாம்பாளுக்குக் கிடைக்காத வழக்கறிஞர் மேனகாவுக்குக் கிடைத்தார் எனலாம்.

ஆனால், இழப்பும் உண்டு. முடிச்சு அவிழ்ந்ததும் அனைத்தும் முன்போல் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் இந்நாவல்கள் முடிகின்றன. பழிசுமந்த நாள்களில் அப்பெண்ணின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்பார் இல்லை. பின்னாளில் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் எனத் துப்பறிவாளர் பலர் வந்தனர். 1980களில் மாத நாவல்கள் வழியே ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் பேருந்து நிலையப் பெட்டிக்கடை வரை இவ்வகையைக் கொண்டு சென்றனர். விழுப்புரம் சந்திப்பின் நடைமேடைகளில் வண்டிக்குக் காத்திருந்தோரின் கைகளில் இவை விளங்கின. கதையின் வேகம் கூடியது. அடுத்த வீட்டுக்காரரோ பெரும்பாலும் ஒரு சாட்சியாகச் சுருங்கினார்.

1954: திரையில் அயலார்

இவ்விடையில் திரைப்படம் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்லுதல் இயலாது. ஏவி.எம். தயாரிப்பில், எஸ். பாலசந்தர் இயக்கத்தில், ஜாவர் சீதாராமன் எழுத்தில் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்', பாடலும் நடனமும் இல்லாத தமிழ்ப் படமாக வரலாற்றில் நிற்கிறது. 1943இல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளான சென்னையில், வானொலிப் பொறியாளர் இராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை ஆகிய ஐவர்மேலும் ஐயம் விழுகிறது. ஒவ்வொருவர் வாய்மொழியும் ஒவ்வோர் இராஜனைக் காட்டுகிறது. நாயகனே தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அவ்வேடத்தை ஏற்ற சிவாஜி கணேசன் 1928இல் விழுப்புரத்தில் பிறந்தவர் என்பது நம் ஊரார் அறிந்ததே.

அதே 1954இல் அமெரிக்காவில் ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' வெளிவந்தது. கால் முறிந்த ஒருவன் தன் சாளரம் வழியே எதிர்வீடுகளை நோக்கி, அங்கொரு கொலை நிகழ்ந்ததாக ஐயுறும் கதை அது. ஒன்றையொன்று அறியாத இரு படங்களும் நகர வாழ்வின் ஒரே கேள்வியைத் தொட்டன: சுவருக்கு அப்பால் இருப்பவரை நாம் எந்த அளவு அறிவோம்? ஹிட்ச்காக் அதனை எதிர்வீட்டை நோக்கிக் கேட்டார். 'அந்த நாள்' அதனை ஒரே கூரையின்கீழ் வாழும் கணவனை நோக்கி மனைவி கேட்கும் கேள்வியாக மாற்றியது. கமலாம்பாளின் கதையில் மனைவியை ஐயுற்ற கணவன் நின்ற இடத்தில், இங்கே கணவனின் மறைவாழ்வைக் கண்டறியும் உஷா நிற்கிறாள்.

பல குடித்தனங்களின் செவி

அயலாரின் செவியை மீண்டும் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் ஜெயகாந்தன். 1934இல் கடலூரில் பிறந்த அவர், சிறுவனாக வீட்டைவிட்டு விழுப்புரத்திலிருந்த தம் மாமாவிடம் வந்து தங்கினார். பாரதியின் எழுத்தையும் பொதுவுடைமைக் கருத்தையும் அவர் அறிமுகம் கொண்டது இங்கேதான். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் யாவும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று.

1966இல் 'ஆனந்த விகடன்' இதழில் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை அறியாதார் இலர். மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கற்பிழந்ததாகக் கருதப்படும் நிலையில் வீடு திரும்புகிறாள் கல்லூரி மாணவி ஒருத்தி. செய்தியறிந்த தாய் அலறி அவளை அடிக்கிறாள். உலோச்சனார் காட்டிய தாயின் கோல் இங்கே மீண்டும் ஓங்குகிறது. ஆனால், பல குடித்தனங்கள் வாழும் அவ்வீட்டில் அயலார் குரல் கொடுத்து, ஏன் அடிக்கிறாய் என்று கேட்ட அக்கணத்தில் தாய் தன்னை மீட்டுக்கொள்கிறாள். மழையில் நனைந்து வந்ததற்காகவே அடித்ததாகக் கூறிச் சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூயவள் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். கதை எழுப்பிய வாதப் பிரதிவாதங்கள் பெரும்பாலும் கற்பு என்னும் ஒன்றைச் சுற்றியே சுழன்றன. ஆனால், கதையின் உயிர்நிலை சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் கேள்வியிலும், அதற்குத் தாய் சொன்ன பொய்யிலுமே உள்ளது. அந்தப் பொய் மகளைக் காப்பாற்றியது.

இது என் விளக்கம் மட்டுமன்று. ஜெயகாந்தனே அடுத்து எழுதிய நாவல் இதற்குச் சான்று. 1970இல் நூலாக வந்து 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதே நிகழ்ச்சியிலிருந்தே புறப்படுகிறது. ஒரே ஒரு மாற்றம். இங்கே தாய் பொய் சொல்லவில்லை. ஊர் அறியக் கதறிவிடுகிறாள். தமையன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா படிக்கிறாள், உயர்பதவி பெறுகிறாள். ஆயினும் அந்த ஒரு நாள் கூக்குரல் அவளை வாழ்நாள் முழுதும் பின்தொடர்கிறது. பின்னர் இதழொன்றில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையைப் படிக்கும் கங்கா, அக்கதையின் தாயைப் போலத் தன் தாய் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணுகிறாள். பிரபுவைத் தேடிக் கண்டடைந்தபின் அவர்களிடையே மலர்வது நட்பே. ஆனால், ஊர் அதற்கு வேறு பெயர் சூட்டுகிறது.

ஒரே நிகழ்ச்சி, இருவேறு வாழ்க்கை. வேறுபாட்டைத் தோற்றுவித்தது அயலார் அறிந்தனரா, இல்லையா என்பது மட்டுமே. மர்ம நாவலாசிரியர் எவரும் இதனினும் கூர்மையான சோதனையைச் செய்து காட்டியதில்லை என்பது என் துணிபு. குற்றம் செய்தவன் யார் என்பதை நாவலில் எவரும் துப்பறிய முற்படவில்லை. கங்கா ஒருத்தியே அதனைச் செய்கிறாள். தமையனும் ஊரும் அவளையே விசாரணைக்கு உட்படுத்தினர்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு வளர்ச்சிநிலை புலப்படும். அகப்பாடலில் உள்ள இரகசியத்தை ஊர் வெளிப்படுத்தியது. ராஜமையரில் இல்லாத இரகசியத்தை ஊர் படைத்தது. துப்பறியும் நாவலில் அப்பொறுப்பு ஊரிடமிருந்து நிபுணருக்கு மாறியது. ஜெயகாந்தனில் ஊருக்குச் சொல்லாதிருத்தலே அறமாகுமா என்னும் கேள்வி எழுந்தது. இந்நான்கு நிலைகளிலும் மாறாதது ஒன்றே: பேச்சின் விலையைச் செலுத்தியவள் பெண்.

இன்று திண்ணைகள் இல்லை. அடுக்ககங்களில் எதிர்வீட்டார் முகம் தெரியாமலேயே ஆண்டுகள் கழிகின்றன. ஆயினும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வந்து விழும் பெயரில்லாத குறிப்பும், அதன்கீழ் வரிசையாக எழும் முகக்குறிகளும், அம்பல் இன்னும் அரும்புகிறது என்பதைக் காட்டும். அதனை எழுதும் நாவலாசிரியருக்குத் தமிழில் முன்னோடிகள் இல்லை என்று இனி எவரும் கூறலாகாது.

ஆய்வு மாணவர்களுக்கும் நம் வட்டத்தின் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மர்ம நாவல் ஆய்வுக்குரியதன்று என்னும் எண்ணத்தைக் கைவிடுதல் வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியாரின் பாகங்களும், 'ஆனந்தபோதினி', 'ஜகன்மோகினி' இதழ்களின் கட்டடத் தொகுதிகளும், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துப் பாட்டிமார் தைத்து வைத்த கட்டுகளும் நம் ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். வீடு இடிக்கும்போது அவை பழைய காகிதக் கடைக்குச் செல்லுமுன் எடுத்துப் பாதுகாத்தல் நம் கடமை. அவற்றின் ஓரங்களில் படித்தவர்கள் எழுதிய குறிப்புகள் இருப்பின், எப்பெண் எக்கதையைப் படித்து எந்த இடத்தில் அஞ்சினாள் என்பதும் நமக்குத் தெரியவரும். எழுதப்படாத அவ்வாசக வரலாறே இத்துறையில் அடுத்து ஆராயத்தக்கது.